கல்லூரி உதைபந்தாட்ட அணியின் வரலாற்றை எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
பதிந்தவர்: வலிகாமத்துப் பழைய மாணவன்

அனைவருக்கும் வணக்கம்.

வலிகாமத்தில் நூற்றாண்டு கண்ட கல்லூரி ஒன்றின் பழைய மாணவன் நான். எமது உதைபந்தாட்ட அணியின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிடுவதெனப் பழைய மாணவர் சங்கம் தீர்மானித்து, தொகுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. சங்கம் இன்னும் முறைப்படி அறிவிக்கவில்லை என்பதனால் கல்லூரியின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். நான் கேட்பவை யாழ்ப்பாணத்தின் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தக்கூடியவையே.

துடுப்பாட்டத்தின் வரலாற்றை எழுதுபவருக்கு இத்தனை இடர்ப்பாடு இல்லை. யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும்போர் 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்பட்டு வருகிறது. ஒரே எதிரணி, ஒரே பருவம், ஒவ்வொரு பந்தையும் பதியும் புள்ளிப் புத்தகம் என்று அங்கே ஒரு தொடர்ச்சி உண்டு. உதைபந்தாட்டத்தில் ஓர் ஆட்டம் முழுவதிலுமிருந்து எஞ்சுபவை இரண்டு இலக்கங்கள் மாத்திரமே. அவ்விரண்டையும் அன்றே எவரும் எழுதிவைக்காவிட்டால் அந்த ஆட்டமே நடக்காதது போலாகிவிடுகிறது.

என்னிடம் இப்போது இருப்பவை: அதிபர் அலுவலகத்துக் கண்ணாடி அலுமாரியில் உள்ள கிண்ணங்கள், பிரதான மண்டபத்தில் தொங்கும் அணிப் படங்கள், இடையிடையே தொடர்பறுந்த கல்லூரிச் சஞ்சிகைகள், மூத்த வீரர்களின் நினைவுகள். படங்கள் சிலவற்றின் கீழே இருந்த பெயர்களைக் கறையான் அரித்துவிட்டது. 1960களில் நடைபெற்ற ஓர் இறுதியாட்டத்தைப் பற்றி, அதில் விளையாடிய இருவரே வெவ்வேறு முடிவுகளைக் கூறுகின்றனர். இருவரும் தாம் சொல்வதில் உறுதியாக நிற்கின்றனர்.

அணியின் தொடக்கத்தை எந்த ஆண்டிலிருந்து கணிப்பது, மூத்தவர்களின் நினைவுகள் முரண்படும்போது எதனை அச்சேற்றுவது, கல்லூரி இடம்பெயர்ந்து இயங்கிய ஆண்டுகளை எவ்வாறு எழுதுவது, மரபு என்ற தலைப்பின் கீழ் எவற்றைச் சேர்ப்பது ஆகியவை பற்றி இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1
பதிந்தவர்: மைதானத்து ஆசிரியர்

தம்பி, நல்லதொரு பணியை ஏற்றிருக்கிறீர்கள். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், மைதானத்தின் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். ஏடுகளைப் பற்றி வேறு எவராவது எழுதுவார்கள்.

முதலில் அணிப் படங்களிலிருந்து தொடங்குங்கள். கிண்ணம் வெற்றியை மாத்திரமே சொல்லும். படம் அந்த ஆண்டில் அணி எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்லும். பழைய படங்களில் வீரரின் பெயரோடு ‘லெப்ட் அவுட்’, ‘ரைட் இன்’, ‘சென்ரர் ஹாவ்’ என்று ஆடிய இடமும் எழுதப்பட்டிருக்கக் காண்பீர்கள். பின்களத்தில் இருவர், இடைக்களத்தில் மூவர், முற்களத்தில் ஐவர் என்று அணியை நிறுத்திய காலத்து வழக்கு அது. அந்த ஒழுங்கு கைவிடப்பட்ட பின்னரும் பெயர்கள் நெடுங்காலம் நிலைத்திருந்தன என்பதால், இதனை மாத்திரம் வைத்து ஆண்டைக் கணித்துவிடக் கூடாது. ஆனால் பிற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது பயன்படும். படத்தில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தின் இடையே மாற்று வீரரை இறக்கும் விதி உலகக் கிண்ணப் போட்டியிலேயே 1970ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பாடசாலைப் படங்களில் பதினொருவரும் மேலதிகமாக ஓரிருவரும் நிற்பதும், பிந்திய படங்களில் பதினெட்டு, இருபது பேர் நிற்பதும் தற்செயலானவை அல்ல. வீரர்களின் பாதங்களையும் கவனியுங்கள். வெறுங்காலோடு நிற்கும் வீரர்களும் காலணி அணிந்த வீரர்களும் ஒரே படத்தில் இருப்பின், அது அக்காலத்து மாணவரின் குடும்ப நிலையையும் கல்லூரியின் நிதி நிலையையும் ஒருசேரக் காட்டும் சான்றாகும். பந்தையும் பாருங்கள், வாய்ப்பக்கத்தை வார் கொண்டு இறுக்கிக் கட்டிய தோற்பந்தா, தைப்பு மாத்திரம் தெரியும் பந்தா என்பது காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவும். படத்தின் நடுவே வைத்த பந்தில் வெள்ளை மையினால் ஆண்டை எழுதும் வழக்கம் இருந்தது. உருப்பெருக்கிப் பார்த்தால் மங்கிய இலக்கங்கள் தெரியக்கூடும்.

அடுத்து, பருவத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் அவசியம் எழுதுங்கள். எமது மாவட்டத்தில் மாசி, பங்குனி மாதங்கள் துடுப்பாட்டப் பெரும்போட்டிகளுக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கும் உரியவை. அவை முடிந்த பின்னரே மைதானம் உதைபந்தாட்டத்துக்குக் கிடைக்கும். வைகாசிக்குப் பின்னர் சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிடும். திறந்த வெளியில், தரைக்கு மேலே எழுந்த பந்தைக் காற்று இழுத்துச் சென்றுவிடும் என்பதனால், பந்தைத் தரையோடு வைத்துக் குறுகிய தூரத்துக்குக் கொடுத்து ஆடும் முறை எம்மவரிடம் வேரூன்றியது என்பது என் கருத்து. நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தைத் தெரிவுசெய்வதா, இடைவேளைக்குப் பின்னர் களைத்த கால்களுக்குக் காற்றின் துணையை வைத்திருப்பதா என்பது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் பயிற்றுநர்கள் நெடுநேரம் பேசிய விடயம். உங்கள் மூத்த வீரர்களிடம் ஆட்ட முடிவுகளைக் கேட்பதற்கு முன்னர் இதனைக் கேளுங்கள். இலக்கங்கள் மறந்துபோனவர்களுக்கும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது நினைவிருக்கும். அந்த நினைவைப் பற்றிக்கொண்டு மற்றவையும் வெளிவரும்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைப் பற்றியும் எழுதுங்கள். கோடையில் அது கல்லாக இறுகிவிடும். விழுந்த வீரரின் முழங்காற் தோல் மண்ணோடு போய்விடும். அத்தகைய தரையில் வளர்ந்த அணி மணற்பாங்கான கரையோர மைதானத்தில் ஆடும்போது முதற் பத்து நிமிடங்கள் தடுமாறுவதை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

மரபுகளைப் பொறுத்தவரையில் என் அளவுகோல் இதுதான்: எந்த ஆசிரியரும் கட்டளையிடாமல், மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கையளித்து வந்தது எதுவோ அதுவே மரபு. விலகிச் செல்லும் தலைவர் தனது இலக்கம் பொறித்த சீருடையை அடுத்தவருக்குக் கொடுப்பது, ஆட்டத்துக்குப் புறப்படும் முன் சைவக் கல்லூரி மாணவர் கோயில் வாசலிலும் கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் சிற்றாலயத்திலும் கூடுவது, வென்ற கிண்ணத்தோடு ஊரைச் சுற்றி வருவது, தோற்ற நாளிலும் கல்லூரிக் கீதத்தை நின்று பாடுவது போன்றவற்றை இவ்வகையில் சேர்க்கலாம். அண்மைக் காலத்தில் சங்கங்கள் அறிமுகப்படுத்திய விருந்துகளையும் நடைபவனிகளையும் இவற்றோடு கலக்காமல் தனியே எழுதுவது நன்று.

மறுமொழி 2
பதிந்தவர்: ஏடு தேடுபவர்

ஆசிரியர் ஐயா மைதானத்தைப் பற்றிச் சொன்னவற்றை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நூலகப் பணியில் இருப்பவள் என்ற முறையில் ஏடுகளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எமது மாவட்டத்தின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டியது 1981ஆம் ஆண்டையே. அவ்வாண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டில் தொடங்கிய ஈழநாடு, யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த பத்திரிகை என்பதனால் எமது பாடசாலைகளின் செய்திகள் இடம்பெற்ற ஏடு அது. ஆகவே நீங்கள் தேடும் 1960களின் ஆட்ட முடிவுகள் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் சாம்பலாகியிருக்கின்றன. இதன் பின்னர் 1990ஆம் ஆண்டின் வலிகாமம் வடக்கு இடப்பெயர்வும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்த பேரிடப்பெயர்வும் கல்லூரி அலுவலகங்களில் எஞ்சியிருந்தவற்றையும் சிதைத்தன. உங்கள் நூலில் உள்ள இடைவெளிகளுக்கு உங்கள் கல்லூரியின் கவனக்குறைவு காரணம் அன்று என்பதை முன்னுரையிலேயே தெளிவாக எழுதுங்கள்.

இருப்பினும் எல்லாம் போய்விடவில்லை. கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய செய்தித்தாள்களின் தொகுதிகள் பேணப்படுகின்றன. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில், கல்லூரி மலர்களும் சஞ்சிகைகளும் பத்திரிகை இதழ்களும் எவரும் வீட்டிலிருந்தே வாசிக்கும் வகையில் பதிவேற்றப்பட்டிருக்கின்றன. 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியும், 1889ஆம் ஆண்டில் தொடங்கிய இந்து சாதனமும், கத்தோலிக்கக் கல்லூரிகளின் செய்திகளுக்கு 1876ஆம் ஆண்டில் தொடங்கிய கத்தோலிக்கப் பாதுகாவலனும் பார்க்கப்பட வேண்டியவை. உங்கள் கல்லூரியின் சஞ்சிகை கிடைக்காத ஆண்டுகளுக்கு எதிரணியின் சஞ்சிகையைத் தேடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கல்லூரிகள் உண்டு. ஒரு கல்லூரியின் ஏடு அழிந்திருந்தாலும் மற்றக் கல்லூரியின் ஏட்டில் அந்த முடிவு பதிவாகியிருக்கலாம். நீங்கள் தோற்ற ஆட்டங்களை அங்கே கூடுதலாகக் காண்பீர்கள். அவையும் வரலாற்றுக்கு வேண்டியவையே.

கல்லூரிக்குள்ளேயே எவரும் தேடாத மூன்று ஏடுகள் உள்ளன. முதலாவது, பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படும் அதிபர் அறிக்கை. அதில் விளையாட்டுக்கென ஒரு பந்தி இருக்கும்; தலைவரின் பெயரும், ஆடிய, வென்ற ஆட்டங்களின் தொகையும் பொதுவாக அதில் இடம்பெறும். பிரதம விருந்தினராக வந்தவரின் குடும்பத்தினரிடமும் அந்த அறிக்கையின் பிரதி இருக்கக்கூடும். இரண்டாவது, அதிபர் எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகம். மாணவர் வெளியூருக்குச் சென்ற நாள், வெற்றிக்காக விடுமுறை அளித்த நாள், ஆட்டத்தில் ஏற்பட்ட பிணக்கு ஆகியவை அதில் திகதியோடு பதிவாகியிருக்கும். மூன்றாவது, மாணவர் சேர்வு இடாப்பு. ஒரு வீரர் எந்த ஆண்டில் சேர்ந்து எந்த ஆண்டில் விலகினார் என்பதை அதுதான் உறுதிப்படுத்தும். தாம் விளையாடியதாக ஒருவர் சொல்லும் ஆண்டு, அவர் விலகிய ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் நினைவு பிசகியிருக்கிறது என்று எவரையும் புண்படுத்தாமல் அறிந்துகொள்ளலாம்.

தொடக்க ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி தோன்றிய ஆண்டையே அணியின் ஆண்டாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடம் பரவியிருக்கிறது, அது தவறு. யாழ். மத்திய கல்லூரியும் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியும் தம் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டிலிருந்து கணிக்கின்றன; பரியோவான் கல்லூரியின் ஆண்டு 1823; ஹாட்லிக் கல்லூரியின் ஆண்டு 1838; புனித பத்திரிசியார் கல்லூரியின் ஆண்டு 1850. இன்று நாம் ஆடும் உதைபந்தாட்டத்தின் விதிகளோ இலண்டனில் 1863ஆம் ஆண்டிலேதான் வகுக்கப்பட்டன. தண்டனை உதை 1891ஆம் ஆண்டில்தான் விதியாயிற்று. ஆகவே இக்கல்லூரிகள் தோன்றிய காலத்தில் இந்த ஆட்டமே இல்லை. உங்கள் கல்லூரியின் பெயர் தாங்கிய அணி மற்றொரு கல்லூரியோடு ஆடியதற்கான மிகப் பழைய அச்சுச் சான்று எதுவோ, அதனைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். ‘அறியக்கிடைக்கும் முதல் ஆட்டம்’ என்று எழுதினால் பின்னர் இன்னும் பழைய சான்று கிடைக்கும்போது திருத்த இடமிருக்கும்.

மாணவர் ஏடு ஒன்று எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான முதலாவது உதைபந்தாட்டமாகக் கொள்ளப்படுவது 1869 நவம்பர் 6ஆம் திகதி நியூ பிரன்ஸ்விக் நகரில் றட்கர்ஸ், பிரின்ஸ்ரன் கல்லூரிகள் ஆடிய ஆட்டம். பக்கத்துக்கு இருபத்தைந்து பேர் ஆடினர்; பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதற்கு அனுமதி இருக்கவில்லை. றட்கர்ஸ் அணி ஆறுக்கு நான்கு என வென்றது. தம்மை அடையாளம் காட்டுவதற்காக அம்மாணவர்கள் செந்நிறத் துணியைத் தலையிற் கட்டியிருந்தனர். இன்றும் அப்பல்கலைக்கழகத்தின் நிறம் செந்நிறமே. இவ்வளவு நுணுக்கமாக நாம் இன்று அறிவதற்கு, ‘ரார்கம்’ என்ற அக்கல்லூரியின் மாணவர் ஏடு அந்த ஆட்டத்தைப் பற்றி அதே மாதத்தில் எழுதிவைத்தமை பெருங்காரணமாகும். ஒரு மாணவர் எழுதிய ஒரு பக்கத்தினால் ஒரு பல்கலைக்கழகம் தன் அணியின் முதல் நாளை அறிந்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் இப்போது சஞ்சிகை எழுதும் மாணவருக்கு இதனைச் சொல்லுங்கள். இந்த ஆண்டின் ஆட்டங்களை இந்த ஆண்டிலேயே அவர்கள் எழுதட்டும்.

மறுமொழி 3
பதிந்தவர்: குருநகர்க் கரையோரம்

மேலே எழுதிய இருவரும் கல்லூரி மதிலுக்குள் நின்று எழுதியிருக்கிறார்கள். என் கருத்தில், யாழ்ப்பாணத்தின் உதைபந்தாட்டம் மதிலுக்கு வெளியே பிறந்து கல்லூரிக்குள் போனது. கல்லூரி சீருடையும் ஒழுங்கும் கொடுத்தது. பந்தை நிறுத்தவும் திருப்பவும் கற்றுக் கொடுத்தவை ஊரும் கடற்கரையும்தான்.

குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ் ஆகிய கழகங்களின் பெயர்களை மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. இளவாலை யங் ஹென்றிசியன்ஸ் கழகத்தின் பெயரே புனித ஹென்றியரசர் கல்லூரியோடு அதற்குள்ள உறவைச் சொல்லும். இது கத்தோலிக்கக் கரையோரத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. வதிரி டைமன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என்று உள்ளூர்க் கிராமங்களும் இந்த ஆட்டத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டிருக்கின்றன. பகலிற் கல்லூரிக்காகவும் இரவில் மின்னொளியில் ஊர்க் கழகத்துக்காகவும் ஆடிய மாணவர் பலர். கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் சுற்றுப்போட்டியில் தன்னிலும் பத்து வயது மூத்தவர்களோடு மோதிப் பழகிய பையனுக்கு, பாடசாலை ஆட்டத்தில் எதிரணியின் பருமன் அச்சத்தைத் தராது.

ஆகவே உங்கள் நூலில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் அருகில் அவருடைய ஊரையும் கழகத்தையும் குறிப்பிடுங்கள். அவ்வாறு எழுதினால், எந்த ஆண்டுகளில் எந்த ஊரிலிருந்து வீரர்கள் வந்தார்கள், எப்போது அந்த வரவு நின்றது என்பது தானாகத் தெரியவரும். ஓர் ஊரிலிருந்து வீரர் வருவது திடீரென நின்றிருந்தால், அந்த ஆண்டில் அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். மயிலிட்டி, பலாலி போன்ற ஊர்களின் மக்கள் 1990ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டபோது அவ்வூர்களின் மைதானங்களும் கழகங்களும் அவர்களோடு கூடவே இடம்பெயர்ந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறந்த வீரர்கள் எல்லோரும் படத்தில் இருக்க மாட்டார்கள். தந்தையோடு கடலுக்குப் போவதற்காக ஒன்பதாம், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள் எமது பக்கத்தில் பலர். முதற் பதினொருவர் அணிக்குத் தெரிவாகும் வயது வருவதற்கு முன்னரே அவர்களின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டிருக்கும். கனிஷ்ட அணிகளின் படங்களையும் நூலிற் சேருங்கள். அவற்றில்தான் அந்த முகங்களைக் காணலாம்.

மறுமொழி 4
பதிந்தவர்: முன்னாள் வீராங்கனை

இதுவரை எழுதப்பட்ட எதிலும் பெண்கள் அணி பற்றி ஒரு வரிகூட இல்லை. கேள்வி கேட்ட அண்ணாவின் கல்லூரி கலவன் பாடசாலையா என்பது எனக்குத் தெரியாது. கலவன் பாடசாலையாக இருப்பின், பெண்கள் அணியை நூலின் இறுதியில் பின்னிணைப்பாகப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடக்கின் அண்மைக்கால உதைபந்தாட்டத்தை எழுதுபவர் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணியை முன்னிறுத்தாமல் எழுத முடியாது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910ஆம் ஆண்டில் நிறுவிய அக்கல்லூரி ஆண்கள் உதைபந்தாட்டத்திலும் பெயர்பெற்றது. பின்னர் அதே மைதானத்திலிருந்து புறப்பட்ட பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் முதலிடத்தை வென்று வந்தார்கள். போரினால் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து இயங்கிய ஒரு கல்லூரி, திரும்பி வந்து பெண்கள் அணி ஒன்றை நாட்டின் முன்னணிக்குக் கொண்டுசென்றது சாதாரண விடயமன்று.

பெண்கள் ஆட்டத்தின் வரலாறு ஏன் இவ்வளவு பிந்தித் தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமே 1921ஆம் ஆண்டில் தனது அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்து, அரை நூற்றாண்டுக்குப் பின்னர் 1971ஆம் ஆண்டில்தான் அந்தத் தடையை நீக்கியது. பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1991ஆம் ஆண்டிலேதான் சீனாவில் நடைபெற்றது. இந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவந்தவர்களின் நாட்டிலேயே நிலைமை அவ்வாறு இருந்ததனால், எமது பாடசாலைகளில் பெண்களுக்கு வலைப்பந்தாட்டமும் ஆண்களுக்கு உதைபந்தாட்டமும் என்ற பிரிப்பு நிலைத்ததில் வியப்பில்லை. எமது சமூகத்தின் தயக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது.

எங்கள் காலத்தில் அரைக்காற்சட்டை அணிவதற்கு வீட்டில் சம்மதம் பெறுவதே முதலாவது ஆட்டமாக இருந்தது. பொறுப்பாசிரியை வீடு வீடாகச் சென்று தாய்மாரோடு பேசினார். மாலைப் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் வீடு சேர்ந்துவிட்டாளா என்று பார்த்த பின்னரே தன் வீட்டுக்குப் போனார். அவருடைய பெயர் எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை. உங்கள் கல்லூரியிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரைத் தேடிச் சென்று பேசுங்கள். ஆட்ட முடிவுகளுக்கு ஒதுக்கும் அதே அளவு பக்கத்தை அவருக்கும் ஒதுக்குங்கள்.

ஆசிரியர் ஐயா மரபுகளைப் பற்றிச் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சீருடையைக் கையளிக்கும் வழக்கத்தைப் பெண்கள் அணியும் பின்பற்றியது. எங்களுக்கு முன்னர் எவரும் இல்லாமையால், முதலாவது சீருடைகளை ஆண்கள் அணியின் மூத்தவர்களிடமிருந்தே பெற்றோம். தோளில் அளவு பெரிதாக இருந்தது; தைத்துச் சுருக்கிப் போட்டுக்கொண்டு ஆடினோம்.

மறுமொழி 5
பதிந்தவர்: வலிகாமத்துப் பழைய மாணவன்

நான்கு பேரும் எழுதியவற்றை அச்செடுத்துச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசிக்க இருக்கிறேன். எமது கல்லூரி கலவன் பாடசாலையே. தங்கை எழுதியதற்கு இணங்கப் பெண்கள் அணிக்குரிய ஆண்டுகளை அந்தந்தக் காலத்து அத்தியாயங்களிலேயே சேர்க்கும்படி கேட்கப் போகிறேன். வீரர்களின் ஊரையும் கழகத்தையும் பதியும் படிவம் ஒன்றையும் ஆயத்தம் செய்கிறேன்.

இரண்டு விடயங்களில் மாத்திரம் இன்னும் தெளிவு வேண்டும். முரண்படும் இறுதியாட்ட முடிவை என்ன செய்வது? அடுத்தது, 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் நெடுங்காலம் அகில இலங்கைப் போட்டிகளில் எமது பெயர் காணப்படவில்லை. அந்த ஆண்டுகளைத் தேக்கநிலை என்று எழுதலாமா?

மறுமொழி 6
பதிந்தவர்: ஏடு தேடுபவர்

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தேக்கநிலை என்று எழுதவே வேண்டாம். 1990ஆம் ஆண்டோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது 2014 ஒக்டோபரில். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னர் 2009ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து மக்கள் பயணம் செய்த ஆண்டுகளும் உண்டு. ஓர் அணி கொழும்புக்குச் சென்று ஆட வழியே இல்லாத ஆண்டுகள் அவை. அகில இலங்கைப் பட்டியலில் வெற்றிடமாக உள்ள ஆண்டுக்கு எதிரே வீதியின் நிலையை எழுதுங்கள், வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். அதே ஆண்டுகளில் குடாநாட்டுக்குள் பாடசாலைகள் தமக்குள் ஆடிய ஆட்டங்கள் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டில் தொடங்கிய உதயன் பத்திரிகை நெருக்கடிக் காலத்திலும் தொடர்ந்து வெளிவந்தது. அதன் விளையாட்டுச் செய்திகளை மாத வாரியாகப் பாருங்கள்.

முரண்படும் முடிவைப் பொறுத்தவரையில், முதலில் எதிரணிக் கல்லூரியின் அவ்வாண்டுச் சஞ்சிகையையும் உங்கள் அதிபர் அறிக்கையையும் தேடுங்கள். இரண்டில் ஒன்று கிடைத்தால் அதனையே முடிவாக அச்சிடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் இருவர் சொன்னதையும் அவர்கள் ஆடிய இடத்தைக் குறிப்பிட்டு அடுத்தடுத்து அச்சிடுங்கள். பந்துக் காப்பாளர் கண்ட ஆட்டமும் முற்கள வீரர் கண்ட ஆட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூல் வெளிவந்த பின்னர், வேறொரு வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகைத் துணுக்கோ கடிதமோ வெளிவரும் வாய்ப்பு மிகுதி என்பதனால், நூலின் முதற்பக்கத்திலேயே திருத்தங்களை அனுப்புவதற்கான முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

மறுமொழி 7
பதிந்தவர்: மைதானத்து ஆசிரியர்

தங்கை எழுதியதைப் பார்த்த பின்னர் ஒன்று சேர்க்கிறேன். பொறுப்பாசிரியர்கள், பயிற்றுநர்கள், மைதானத்தைப் பராமரித்து வெள்ளைக்கோடு இட்ட ஊழியர்கள் ஆகியோரின் பெயர்களையும் ஆண்டு வாரியாகத் திரட்டுங்கள். அவர்களின் சேவைக்காலம் கல்லூரி அலுவலகத்து ஆளணிப் பதிவேட்டில் இருக்கும். மூத்த வீரர்களைச் சந்திக்கச் செல்லும்போது மண்டபத்துப் படங்களின் பிரதிகளைப் பெரிதாக்கி எடுத்துச் செல்லுங்கள். ஓரிருவரைத் தனித்தனியே சந்திப்பதைவிட, ஒரே அணியில் ஆடியவர்களை ஒரு மாலைப்பொழுதில் ஒன்றாக இருத்திப் படத்தை நடுவில் வையுங்கள். கறையான் அரித்த பெயர்களை அவர்களே நிரப்பித் தருவார்கள். எண்பது வயதைக் கடந்தவர்களை முதலிற் சந்தியுங்கள். மற்ற வேலைகளை அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.